மகள் ஏறாத கார்

1

நம்ம அந்தோணியார் கோயில் திருவிழா மலருக்கு வெளிநாட்டு வாழ்க்கையைப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுக்கணும்னு பங்குச் சாமியார் போன்ல கேட்டுக்கிட்டாங்க. நான் பத்தாவதும், அதுக்கப்புறம் தருமபுரியில ரெண்டு வருஷம் ஐ.டி.ஐ.யும் படிச்சவன். எழுத்து வேலை பழக்கம் இல்லை. வேலை முடிஞ்சு, ஒரு ஜெபமாலை சொல்லிட்டு, சலவை ரூம்புல ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எழுதுறேன். வெளியில வண்டி சார்ஜ் ஏறிக்கிட்டு இருக்குது. அது ஏறி முடியறதுக்குள்ள முடிச்சுடலாம்னு நெனைக்கிறேன்.

வெளிநாட்டுல இருந்து எழுதுறவங்க பனி கொட்டுறதையும் பெரிய பெரிய கோயில்களையும் எழுதுவாங்க. நாங்க ஜெர்மனிக்கு வந்து பதினாலு வருஷம் ஆவுது, அதெல்லாம் இங்க இருக்குது. ஆனா என் மனசுல ஓடுறது வேற. போன வருஷம் கொடியேத்தத்தன்னைக்குக் கோயில் வளைவுக்குப் பக்கத்துல என் தம்பி பிலவேந்திரன் ஒரு ஃப்ளெக்ஸ் வெச்சான். பாப்பாரப்பட்டி ரோட்டுல இருந்து பார்த்தாலே தெரியற அளவுக்குப் பெருசு. அதுல நான், என் சம்சாரம் ஸ்டெல்லா, என் மகள் ஆக்னஸ், ஒரு வெள்ளைக் கார். மேல ஒரு பக்கம் அந்தோணியார். இன்னொரு பக்கம் கோட்டு போட்டுச் சிரிச்சுக்கிட்டு ஒரு வெள்ளைக்காரர். அவர் யாருன்னு உங்கள்ல நிறையப் பேர் தம்பியைக் கேட்டிருக்கீங்க. ஜெர்மனி பிஷப்புன்னுகூட சில பேர் நெனச்சுக் கும்பிட்டதாக் கேள்விப்பட்டேன்.

அவர் அந்தக் காரைச் செய்யற கம்பெனியோட தலைவர். நான் அவரை நேர்ல பார்த்ததில்லை. நான் ஒருத்தன் இருக்கறது அவருக்குத் தெரியாது. அவரால என் மகள் என் வண்டியில ஏறாம வருஷம் ஒண்ணு ஆவுது. அதைத்தான் எழுதப் போறேன்.

2

கார் எதுக்குன்னு முதல்ல சொல்லிடறேன். ஸ்டெல்லா நர்ஸு. வேலை பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில. காலை ஷிஃப்ட் ஆறு மணிக்கு ஆரம்பம். எங்க ஊர்ல முதல் பஸ் புறப்படறதே ஆறே காலுக்கு. நான் ஒரு முதியோர் இல்லத்துல துணி துவைக்கிற மெஷின்களைப் பார்த்துக்கிறேன். எங்ககிட்ட பழைய டீசல் வண்டி ஒண்ணு இருந்துச்சு. இங்க ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் வண்டியைக் கொண்டுபோய்ச் சோதனைக்குக் காட்டணும். அடியில துரு இருக்குதுன்னு எழுதி, இனி ஓட்டக்கூடாதுன்னு பேப்பரை நீட்டிட்டாங்க. டீசல் மெக்கானிக் படிச்சவனுக்கு அது கொஞ்சம் அவமானமாத்தான் இருந்துச்சு.

அந்த வாரமே எங்க இல்லத்து நோட்டீஸ் பலகையில ஒரு சீட்டு ஒட்டியிருந்தாங்க. மின்சாரக் கார், நாலு வருஷம் ஓடுனது, சந்தை விலையைவிட ரொம்பக் குறைச்சல். இல்லத்துல தங்கியிருக்கிற ஒரு வயசான அம்மாவோட மகள் விக்கிறாங்க, டவுன்ல டீச்சரா இருக்கறவங்க. இல்லத்துல வேலை செய்யறவங்க இங்கயே சார்ஜ் போட்டுக்கலாம். அந்தோணியாரே ஓட்டிக்கொண்டாந்து நிறுத்துன மாதிரி இருந்துச்சு எனக்கு.

போய்ப் பார்த்தேன். டீச்சரம்மா வண்டியைத் தொடைச்சு வெச்சிருந்தாங்க. ஒரு கீறல் கிடையாது.

"இவ்வளவு நல்லா இருக்குதே, எதுக்கு விக்கிறீங்க? பேட்டரி போயிடுச்சுங்களா?"ன்னு எனக்குத் தெரிஞ்ச ஜெர்மன்ல கேட்டேன்.

"பேட்டரி நல்லா இருக்குது. என்னால இதுல உட்கார முடியல"ன்னாங்க.

முதுகு வலின்னு நெனச்சுக்கிட்டேன்.

சாவியைக் குடுக்கறப்ப அவங்களுக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஏதாச்சும் ஆறுதலாச் சொல்லணும். முதியோர் இல்லத்துல வேலை செய்யறவனுக்கு ஜெர்மன்ல சுத்தமாச் சொல்ல வர்ற வாக்கியம் ஒண்ணுதான்: "உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்." அதையே சொல்லிட்டேன். அவங்க அழுதுக்கிட்டே சிரிச்சுட்டாங்க. "சரியாச் சொன்னீங்க"ன்னு என் கையைப் பிடிச்சுக் குலுக்குனாங்க.

வண்டி எங்க பேருக்கு மாறப் பத்து நாள் ஆச்சு. இங்க எந்த ஆபீசுக்கும் முன்னாடியே நேரம் வாங்கிக்கிட்டுத்தான் போகணும். ஆபீசுல நம்பர் பலகைக்கு ரெண்டு எழுத்து நம்ம இஷ்டத்துக்குக் கேட்டு வாங்கிக்கலாம். ஆக்னஸ் பேருல இருந்து ரெண்டு எழுத்தும், அவ பொறந்த தேதியும் கேட்டு வாங்கினேன். அவகிட்ட சொல்லலை. பார்த்துச் சந்தோஷப்படட்டும்னு விட்டுட்டேன்.

வண்டியோட பின் கண்ணாடியில சின்னதா ஒரு ஸ்டிக்கர் இருந்துச்சு, ஜெர்மன்ல ரெண்டு வரி. வண்டி நிறுத்தற அனுமதி ஏதோன்னு நெனச்சு, வெந்நீர் ஊத்தி பிளேடால சுரண்டி எடுத்தேன். அந்த இடத்துல 'மாதா துணை' ஒட்டினேன். பிலவேந்திரன் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கிட்ட அடிச்சு வாங்கி, மொளகாப் பொடியோட பார்சல்ல அனுப்பி வெச்சது. இங்க எங்க பங்குல இருக்கிற கேரளச் சாமியார் பூசை முடிஞ்சு வந்து தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சாங்க. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கலையேன்னு ஸ்டெல்லா கிண்டல் பண்ணினா.

3

வண்டி வூட்டுக்கு வந்த அன்னைக்குச் சாயந்திரம் ஆக்னஸ் பள்ளிக்கூடத்துல இருந்து சைக்கிள்ல வந்தா. வாசல்லயே நின்னுட்டா. பள்ளியில அது அவளுக்குக் கடைசி வருஷம்.

"இது யாருதுப்பா?"

"நம்முதுதான் பாப்பா. நம்பரைப் பாரு."

அவ நம்பரைப் பார்க்கலை. "யார்கிட்ட வாங்குனீங்க?"

சொன்னேன்.

"அவங்க என் கிளாஸ் டீச்சர்ப்பா."

"அப்படியா? நல்ல மனுஷி. ஒரு கீறல் இல்ல பாரு வண்டியில."

அவ பையைக் கீழ வெச்சா. ஜெர்மன்ல ஏதோ ஆரம்பிச்சு, அப்புறம் எனக்காகத் தமிழுக்கு வந்தா. வந்தப்ப அவளுக்கு நாலு வயசு. இப்பல்லாம் வூட்டுல தமிழ் சாப்பாட்டுக்கும் சாமிக்கும்தான். கோபத்தைத் தமிழ்ல சொல்ல அவளுக்கு ரொம்ப நேரம் ஆவும்.

"இன்னைக்குக் கிளாஸ்ல டீச்சர் சொன்னாங்க. அந்தக் கம்பெனித் தலைவர் பேசறதக் கேட்ட அப்புறம் அந்தக் கார்ல உட்கார முடியல, நஷ்டமானாலும் பரவாயில்லன்னு வித்துட்டேன்னு. எல்லாரும் கை தட்டுனோம். நானும் தட்டுனேன். வூட்டுக்கு வந்தா அது நம்ம வாசல்ல நிக்குது."

அப்பதான் எனக்கு விஷயமே தெரியும். அந்தத் தலைவர் இங்க இருக்கிற ஒரு கட்சிக்கு ஆதரவாப் பேசியிருக்கார். வெளியில இருந்து வந்தவங்க அதிகமாயிட்டாங்க, அவங்களைத் திருப்பி அனுப்பணும்னு சொல்ற கட்சி. செய்தியில வந்திருக்குது. எங்க இல்லத்துல காபி குடிக்கறப்ப எல்லாரும் பேசியிருக்காங்க. நான் பக்கத்துலதான் இருந்திருப்பேன். வேகமாப் பேசுனா எனக்குப் பாதிதான் புரியும். அவங்க சிரிச்சா நானும் சிரிப்பேன்.

"நாம பழைய வண்டிதானே வாங்கியிருக்கோம் பாப்பா. அவருக்கு ஒரு பைசா போவாது."

"அவருக்குப் போறதப் பத்தி நான் பேசலப்பா. நம்மளப் போகச் சொல்றவர் வண்டியில நாமளே குறைஞ்ச விலைக்குக் கிடைச்சுதுன்னு ஏறி உட்காருவோமா? அதக் கேக்கறேன்."

ஸ்டெல்லா உள்ள இருந்து வந்தா. "காலையில அஞ்சரைக்கு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. அதுக்கப்புறம் அப்பாவும் மகளும் எவ்வளவு வேணா கொள்கை பேசிக்கங்க"ன்னா.

ரெண்டு மூணு நாள் போச்சு. ஆக்னஸ் கொஞ்சம் இறங்கி வந்தா. பின் கண்ணாடியில இருந்த ஸ்டிக்கர் எங்கன்னு கேட்டா. சுரண்டிட்டேன்னேன். அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு அவதான் சொன்னா. 'இந்த ஆள் இப்படின்னு தெரியறதுக்கு முந்தி வாங்கின வண்டி'ன்னு. இந்த ஊர்ல நிறையப் பேர் அப்படி ஒட்டிக்கிட்டு ஓட்டறாங்களாம்.

"அதே மாதிரி இன்னொண்ணு வாங்கி ஒட்டுங்கப்பா. ஒட்டுனா நான் ஏறிக்கறேன்."

நான் சரின்னேன். சரின்னுட்டு ஒட்டலை. நாளைக்கு, ஞாயித்துக்கிழமைக்குன்னு தள்ளிக்கிட்டே போனேன். காரணம் இதுதான். டீச்சரம்மா தெரியறதுக்கு முந்தி வாங்குனாங்க. அவங்களுக்கு அது உண்மை. நான் வாங்குனது ஊரெல்லாம் தெரிஞ்சதுக்குப் பிந்தி. விலை குறைஞ்சதே அதனாலதான். மாதா பேருக்குப் பக்கத்துல ஒரு பொய்யை ஒட்டறதான்னு எனக்கு உறுத்துச்சு.

சாமியார்கிட்டப் போய்க் கேட்டேன். "இந்த வண்டி வாங்குனது பாவமா ஃபாதர்?"

"பாவம் இல்ல"ன்னாங்க. அப்புறம், "ஒரு தடவை சார்ஜ் போட்டா எவ்வளவு தூரம் போவுது?"ன்னு கேட்டாங்க. அவங்களும் ஒண்ணு பார்த்து வெச்சிருந்தாங்க போல.

4

வண்டி கிடைச்சதுக்கு நன்றியா, அந்தோணியார் நவநாள்ல மூணாம் நாள் உபயம் எங்க குடும்பம் எடுத்துக்குதுன்னு பிலவேந்திரனுக்குச் சொல்லியனுப்பினேன். கூடவே வண்டி போட்டோ ஒண்ணும் அனுப்பினேன். மீதியை அவனே செஞ்சுட்டான்.

ஃப்ளெக்ஸ் படம் எங்க குடும்ப வாட்ஸப் குரூப்ல வந்தப்ப நான் சலவை ரூம்புல இருந்தேன். பார்த்ததும் உடனே போன் போட்டேன்.

"ஏன்டா பிலவேந்திரா, அந்த ஆள் படத்தை எதுக்குடா போட்ட?"

"தலைவர் படம் இல்லாம எப்படிண்ணா ஃப்ளெக்ஸ் அடிக்கறது? மேல ஒரு பக்கம் அந்தோணியாரு. இன்னொரு பக்கம் காலியா இருக்குது, யாரப் போடறதுன்னு கடைக்காரன் கேட்டான். கம்பெனி பேரைப் போட்டுத் தேடுனா இந்தாளு மூஞ்சிதான் வருது. நல்லா சிரிச்ச முகமாப் பாத்து எடுத்தேன்."

"அவரு எங்களையெல்லாம் திருப்பி அனுப்பணும்ங்கிற கட்சிக்கு ஆளுடா."

"அனுப்புனா வந்துடுங்கண்ணா. வூடு இருக்குதில்ல. மேல ஒரு ரூம்பு எடுத்துக்கலாம்."

அவனே தொடர்ந்தான். "வண்டி வாங்கறதுக்கெல்லாம் முதலாளி எந்தக் கட்சின்னு பாத்துக்கிட்டு இருந்தா, நம்ம அப்பா மாதிரி நடந்துதான்ணா போவணும்."

அவன்மேல கோபம் வரலை. நல்லெண்ணத்துலதான் செஞ்சான். நம்ம ஊர்ல காது குத்துக்கும் தலைவர் படம் இருக்குது, கருமாதிக்கும் தலைவர் படம் இருக்குது. அவன் என்ன பண்ணுவான்.

சாயந்திரம் ஆக்னஸ் போனைக் கொண்டாந்து என் முன்னால வெச்சா. அவ உறுதிப்பூசுதல் வாங்குனப்ப வெள்ளை உடுப்புல எடுத்த போட்டோவைத்தான் பிலவேந்திரன் வெட்டி ஒட்டியிருந்தான். தலையில பூ முடி. அவளுக்கு மேல, கை எட்டற தூரத்துல, அந்த முகம் சிரிக்குது. கீழ 'வாழ்த்துகிறோம்'.

அவ சத்தம் போடலை. சத்தம் போட்டிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

"நான் கேட்டது ஒரு ஸ்டிக்கர்தானேப்பா"ன்னா.

அன்னைக்கே குரூப்ல இருந்து விலகிட்டா. செப்டம்பர்ல படிக்கறதுக்குப் பெரிய ஊருக்குப் போனா. ரயில்ல ஒரு மணி நேரம். நாலு பெட்டி, ஒரு மேசை, ஒரு மெத்தை. எல்லாம் அவகூடப் படிக்கிற ஒரு பொண்ணோட அப்பா வேன்ல ஏத்திக்கிட்டுப் போனார். நான் பெட்டியைத் தூக்கிக் குடுத்தேன். என் வண்டி பக்கத்துலயே காலியா நின்னுச்சு, அவ பேர் எழுத்தோட.

5

பிலவேந்திரன் சொன்னது எங்க அப்பா சின்னப்பனை. பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். சின்னவங்களுக்காகச் சொல்றேன்.

அப்ப நம்ம ஊருக்கு ஒரே பஸ். காலையில பாப்பாரப்பட்டிக்குப் போவும், சாயந்திரம் திரும்பும். அந்த பஸ்காரர், அதோட முதலாளி, ஒருதரம் பஞ்சாயத்துத் தேர்தல்ல நின்னார். மைக்கைப் பிடிச்சு, "வேதக்காரத் தெரு ஓட்டு எனக்கு வேணாம். நான் ஜெயிச்சா அந்தத் தெருவுக்குத் தண்ணிக் குழா கடைசியிலதான்"னு பேசிட்டார். அன்னையில இருந்து கிறிஸ்துவங்க இருக்கிற எங்க தெரு முழுக்க அந்த பஸ்ல ஏறலை. ஒரு மாசம். அப்புறம் ஒவ்வொருத்தரா ஏற ஆரம்பிச்சாங்க. சந்தை இருக்குது, ஆஸ்பத்திரி இருக்குது, என்ன பண்றது. எங்க வூடு மட்டும் ஏறலை. அப்பா சாவற வரைக்கும் ஏறலை.

அப்பா நடந்தார்னா நாங்களும் நடந்தோம். அம்மா தக்காளிக் கூடையைத் தலையில வெச்சுக்கிட்டுச் சந்தைக்கு நடந்தாங்க. நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். கூடப் படிக்கிற பசங்க பஸ் ஜன்னல்ல இருந்து, "சின்னப்பன் எக்ஸ்பிரஸ் வருது, வழி வுடுங்கடா"ன்னு கத்துவானுங்க. புழுதி என் வாயில வுழும். எனக்கு பஸ்காரர்மேல கோபம் வந்ததில்லை. அப்பாமேலதான்.

ஒருதரம் அம்மாவுக்குக் கால்ல முள்ளு குத்திச் சீழ் வெச்சிருந்துச்சு. சந்தைக்குப் போற வழியில பஸ் பக்கத்துல வந்து நின்னுச்சு. "ஏறிக்கம்மா, காசு வேணாம்"னு கண்டக்டர் கூப்பிட்டார். அப்பா முன்னாடி நடந்துக்கிட்டே இருந்தார், திரும்பலை. அம்மா பஸ்ஸைப் பார்த்தாங்க. அப்பா முதுகைப் பார்த்தாங்க. நொண்டிக்கிட்டே அப்பா பின்னாடி போனாங்க. அப்ப நான் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்: நான் பெரியவனாகி எந்த வண்டி கிடைச்சாலும் ஏறுவேன், யாருதுன்னு கேக்க மாட்டேன். அதைத்தான் இன்னைக்கு வரைக்கும் செஞ்சுக்கிட்டு இருக்கேன்.

பஸ்காரர் ஜெயிச்சார். குழாயும் அவர் சொன்னபடியே எங்க தெருவுக்குக் கடைசியிலதான் வந்துச்சு. அப்பா செத்தப்ப அவரே மாலை வாங்கிக்கிட்டு வந்து, என் தோள்ல கையை வெச்சு, "நல்ல மனுஷன்ப்பா. எத்தனை வருஷமா நம்ம பஸ்லதான போயி வந்துக்கிட்டு இருந்தாரு"ன்னார்.

அவருக்குத் தெரியவே தெரியாது. அத்தனை வருஷ நடை. அம்மாவோட காலு. ஒண்ணும் போய்ச் சேரலை. நான் அவருக்குச் சொல்லலை. டீ வாங்கிக் குடுத்தேன்.

ஆக்னஸ்கிட்ட இந்தக் கதையைச் சொன்னேன், அவ மனசு மாறட்டும்னு. "பாத்தியா பாப்பா, யாருக்கும் தெரியாத கோபத்தால யாருக்கு என்ன ஆச்சு?"ன்னு கேட்டேன். அவ, "தாத்தாவுக்குத் தெரியும்ல"ன்னா.

6

குளிர் காலத்துல வண்டியை வித்துடலாம்னு முடிவு பண்ணினேன். வேற ஒண்ணு கிடைக்கிற அளவுக்கு விலை வந்தா விக்கலாம்னு ஸ்டெல்லாவும் ஒத்துக்கிட்டா. விளம்பரம் குடுத்தேன். ரெண்டு மாசத்துல ஒரே ஒருத்தர்தான் வந்தார். அறுபது வயசு இருக்கும், மரியாதையான ஆளு. சுத்திச் சுத்திப் பார்த்தார். கண்ணாடியில தொங்கற ஜெபமாலையைத் தொட்டுப் பார்த்து, "கத்தோலிக்கரா? நல்லது"ன்னார்.

நான் கேட்ட விலையைக் குறைக்கவே இல்லை. "எல்லாரும் இந்த வண்டியை விக்கிறாங்க. நான் வாங்கப் போறேன். அந்த மனுஷன் பேசறது உண்மை. அவருக்காகவே வாங்கறேன்"னார். சொல்லிட்டு என் முகத்தைப் பார்த்தார். "உங்களைச் சொல்லல. நீங்க வேலை செய்யறவரு."

சாவி என் கையில இருந்துச்சு. குடுத்துட்டா ஆக்னஸ் நம்ம வண்டியில ஏறுவா, வேற வண்டியில. ஆனா இந்த வண்டி, அவ பொறந்த தேதி போட்ட பலகையைக் கழட்டிட்டு, அந்த ஆளைப் பாராட்டற ஒருத்தரோட வாசல்ல போய் நிக்கும். டீச்சரம்மா கண்ணைத் தொடைச்சுக்கிட்டு என் கையில குடுத்ததை நான் அங்க கொண்டுபோய்ச் சேர்க்கணும். மன்னிச்சுக்கங்க, வண்டி வித்துப் போயிடுச்சுன்னு சொல்லிட்டேன். வண்டி அவர் முன்னாடி நிக்குது. அவர் தொப்பியை மாட்டிக்கிட்டுப் போனார்.

ஆக்னஸ்கிட்டச் சொன்னேன். சந்தோஷப்படுவான்னு நெனச்சேன்.

"சரிப்பா. அப்ப வேற யாருக்காவது குடுங்க"ன்னா.

வேற யாரும் வரலை. இனிமேலும் வரமாட்டாங்க.

இதுக்கு நடுவுல ஸ்டெல்லா ஒண்ணு சொன்னா. எனக்கு ஒரு வருஷமாத் தெரியாம வெச்சிருந்தாங்க. அந்தத் தலைவர் பேச்சு டி.வி.யில வந்த வாரம், டவுன் பஸ்ல ஒரு ஆள் ஆக்னஸ் பக்கத்துல வந்து, "எழுந்திரு, உன் ஊருக்குப் போ"ன்னு சொல்லியிருக்கான். பஸ் நிறைய ஆளுங்க இருந்திருக்காங்க. எல்லாரும் போனைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்களாம். அவ எந்திரிக்கலையாம்.

அந்த பஸ்லதான் அவ இப்ப வூட்டுக்கு வர்றா. என் வண்டியை வேணாம்னுட்டு.

7

மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வருவா. ஸ்டெல்லாவுக்கு அன்னைக்கும் ரெண்டு மணி வரைக்கும் ட்யூட்டி. காலையில அவளைக் கொண்டுபோய் விட்டுட்டு, பூசை பார்த்துட்டு, பன்னண்டு மணிக்கு ரயில் ஸ்டேஷன்ல போய் நிப்பேன். ஆக்னஸ் வந்து கன்னத்துல முத்தம் குடுப்பா. அப்புறம் பஸ் நிறுத்தத்துக்கு நடப்பா. பஸ் வர்ற வரைக்கும் நானும் கூட நிப்பேன். இருபது நிமிஷம். சாப்பிட்டியா, படிப்பு எப்படி, கோயிலுக்குப் போறியா. கடைசிக் கேள்விக்கு மட்டும் பஸ் வருதான்னு ரோட்டைப் பார்ப்பா. பஸ் வந்ததும் அவ ஏறிக்குவா. நான் என் வண்டியை எடுத்துக்கிட்டு பஸ்ஸுக்குப் பின்னாடி வருவேன்.

நீங்களும் பஸ்லயே போலாமேன்னு கேப்பீங்க. ரெண்டு தரம் போனேன். வண்டி ஸ்டேஷன்லயே நின்னுடுச்சு, திரும்பி வந்து அதை எடுத்து ஸ்டெல்லாவைக் கூட்டியார நேரத்துக்கு பஸ் கிடையாது. எட்டு மணி நேரம் நின்னு வேலை செஞ்சவ, ஆஸ்பத்திரி வாசல்ல ஒன்றரை மணி நேரம் குளிர்ல நின்னா. எங்க அம்மாவை நடக்க வெச்ச மாதிரி இவளையும் நிக்க வைக்க எனக்கு மனசு வரலை.

அதனால பின்னாடியே வருவேன். பஸ் நின்னா நிப்பேன். முதல் சில மாசம், நடுவுல எங்கயாச்சும் இறங்கி வந்து ஏறிக்குவாளோன்னு ஒரு எண்ணம் இருந்துச்சு. ஒவ்வொரு நிறுத்தத்துலயும் முன் கதவோட பூட்டைத் திறந்து வெப்பேன். யாரோ இறங்குவாங்க. திரும்பப் பூட்டிக்குவேன்.

போன ஞாயித்துக்கிழமை, காட்டு ஓரமா ஒரு நிறுத்தம். யாரும் இறங்கலை, யாரும் ஏறலை. டிரைவர் மட்டும் இறங்கி என் ஜன்னல்கிட்ட வந்தார்.

"நீங்க எப்பவும் இந்த பஸ்ஸுக்குப் பின்னாடியே வர்றீங்க. உள்ள ஒரு பொண்ணு இருக்குது. நீங்க யாரு?"

தப்பா எதுவும் கேக்கலை அவர். அவர் வேலை அது. ஆக்னஸ் அந்த பஸ்ல வசவு வாங்குனப்ப இந்த மாதிரி ஒருத்தர் இறங்கிக் கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். பாக்கெட்டுல அடையாள கார்டைத் தேடினேன். அதுக்குள்ள ஆக்னஸ் பஸ்ல இருந்து இறங்கி ஓடி வந்தா. ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், வண்டிக்குத்தான் வர்றான்னு நெனச்சு நான் கதவைத் திறந்துட்டேன்.

"இவர் என் அப்பா"ன்னா டிரைவர்கிட்ட. ஜெர்மன்ல, தெளிவா, தலையை நிமிர்த்தி. அப்புறம் என்னைப் பார்த்தா. திறந்திருந்த கதவை அவளே மெதுவாச் சாத்துனா. திரும்பிப் போய் பஸ்ல ஏறிக்கிட்டா.

டிரைவருக்குப் புரியலை. "உங்க பொண்ணுன்னா, உங்ககூட ஏன் வரல?"ன்னு கேட்டார்.

பதினாலு வருஷத்துல துணிக்கும் மெஷினுக்கும் ஆபீசுக்கும் செத்தவங்களுக்கும் சொல்ற அளவுக்கு ஜெர்மன் கத்துக்கிட்டேன். இதுக்கு எனக்குச் சொல்லத் தெரியலை. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் போயி பஸ்ஸை எடுத்தார். நான் பின்னாடி போகலை. அது கண்ணுக்கு மறையற வரைக்கும் அங்கயே நின்னேன். இனிமே பின்னாடி போக முடியாது. அதுவும் போச்சு.

டீச்சரம்மா மனசு லேசாச்சு. அவங்க இப்ப வேற கம்பெனி வண்டி ஓட்டறாங்க, எதிர்ல வந்தா கையாட்டுவாங்க. அந்தத் தலைவருக்கு ஒண்ணும் ஆவலை. ஃப்ளெக்ஸை என்னடா பண்ணினன்னு பிலவேந்திரனைக் கேட்டேன். "நல்ல கனமான துணிண்ணா, கிழிச்சுப்போட மனசு வரல. மாட்டுக் கொட்டாய் மேல போட்டிருக்கேன். ஒரு சொட்டு ஒழுவல"ன்னான். மழை பெய்யறப்ப அங்க நாங்க மூணு பேரும் அந்தோணியாரும் அந்தத் தலைவரும் ஒண்ணா நனைஞ்சுக்கிட்டு இருக்கோம்.

ஆக்னஸ் செய்யறது சரின்னுதான் எனக்கு இப்பத் தோணுது. அதைத் தெரிஞ்சுக்கிட்டும் நாளைக்குக் காலையில நான் அந்த வண்டியைத்தான் எடுக்கணும். ஜெபத்துல இதுக்கு ஒரு வழி கேட்டுக்கிட்டே இருக்கேன்.

இந்த வருஷமும் மூணாம் நாள் உபயம் எங்களுது. ஃப்ளெக்ஸ் வேணாம். மன்றாட்டு வாசிக்கறப்ப ஆக்னஸ் பேரைச் சொல்லுங்க, போதும். கார் பத்திச் சொல்ல வேணாம். எந்தக் கருத்துக்காக மன்றாட்டுன்னு யாராச்சும் கேட்டா, சின்னப்பன் பேத்தின்னு சொல்லுங்க. ஊர்ல மூத்தவங்களுக்குப் புரியும்.

வண்டியில பச்சை விளக்கு எரியுது, சார்ஜ் ஏறிடுச்சு. ஸ்டெல்லாவுக்கு ட்யூட்டி முடியற நேரம். எடுக்கணும்.